பயணமும் தவக்குலும்: பாலத்தின் முன் நாம் கற்ற பாடம்



உம்ராவுக்கோ பைத்துல் முகத்தஸுக்கோ புறப்படும் குடும்பத்தார், பயணத்துக்கு முன் நம்மிடம் வந்து துஆக்களையும் மார்க்கச் சட்டங்களையும் கேட்டுச் செல்வது வழக்கம். இஹ்ராம் எங்கே கட்டுவது, கஸ்ர் எப்போது தொழுவது, முதியவர்கள் தவாஃபை எப்படி நிறைவேற்றுவது என்றெல்லாம் கேட்பார்கள். விசாவைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. அது முகவரின் வேலை என்று அவர்களும் எண்ணினார்கள், நாமும் எண்ணினோம். 2019ஆம் ஆண்டின் ஒரு பயணம் அந்த எண்ணத்தை மாற்றியது. அதில் நம் பங்கிலும் ஒரு பிழை உண்டு என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து 32 பேர் கொண்ட குழு ஜோர்தான் வழியாக பைத்துல் முகத்தஸுக்குப் புறப்பட்டது. வழிகாட்டும் பொறுப்பு நமக்கு. குழுவில் ஒரு பெரியவர் தம் மனைவியுடனும் மகனுடனும் வந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நன்மையை நாடிப் பயணம் செய்யத் தகுந்தவை என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட மூன்று பள்ளிகளில் இரண்டைக் கண்டுவிட்டேன், மூன்றாவதையும் கண்டுவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்.

அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாக ஆறு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. அதைப் புதுப்பித்து வாங்கியதில் அவருடைய விண்ணப்பம் மட்டும் மற்றவர்களுடையதைவிட மூன்று வாரம் பிந்திப் போயிற்று. புறப்படும் நாளில் எல்லோருடைய இஸ்ரேல் விசாவும் வந்துவிட்டது, அவருடையது வரவில்லை.

முகவர் கலங்கவில்லை. “அம்மான் ஏர்போர்ட்ல ஜோர்தான் விசாவ அங்கேயே தர்றாங்க இல்ல? அதே மாதிரி இதையும் பாலத்துல வாங்கிக்கலாம் பாய்” என்றார். பெரியவர் நம் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க ஹஜ்ரத், கிளம்பட்டுமா?” என்று கேட்டார். அந்த எல்லையின் விதிகள் நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாமோ, “தவக்குல் வைத்துக் கிளம்புங்கள் பாய், அல்லாஹ் லேசாக்குவான்” என்றோம்.

அம்மான் விமான நிலையத்தில் முகவர் சொன்னபடியே நடந்தது. வரிசையில் நின்றோம், முத்திரை விழுந்தது, வெளியே வந்தோம். அந்த எளிமை எங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது.

வெள்ளி, சனிக்கிழமைகளில் பாலம் திறந்திருக்கும் நேரம் குறைவு. ஜும்ஆவை அல்அக்ஸாவில் தொழ வேண்டும் என்பதால் வியாழன் காலையிலேயே மன்னர் ஹுசைன் பாலத்துக்குச் சென்றோம். ஜோர்தான் பக்கத்து மண்டபத்தில் பட்டியலைச் சரிபார்த்த அதிகாரி, பெரியவரின் கடவுச்சீட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டும், அக்கரையில் எவரும் அதைத் தரமாட்டார்கள் என்று பொறுமையாகவே விளக்கினார். நாம் அரபியில் மன்றாடிப் பார்த்தோம். பயனில்லை.

மகன் தானும் நின்றுவிடுவதாகச் சொன்னார். பெரியவர் சம்மதிக்கவில்லை. “உங்க அம்மாவ யாரு கூட்டிட்டுப் போவாங்க?” என்று மகனை அடக்கிவிட்டு நம்மிடம் சொன்னார்: “பாஸ் இல்லாத லாரிய ஜீரோ கேட்ல உள்ள விட்டு நான் பாத்ததே இல்ல ஹஜ்ரத். டிரைவர் அழுதாலும் விடமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” அவர் நம்மை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் நமக்குக் கனமாக இருந்தது. அவர் அம்மானுக்குத் திரும்பினார். நாம் மற்றவர்களுடன் பேருந்தில் ஏறினோம்.

ஊர் திரும்பிய பிறகுதான் அந்தப் பாலத்தின் கதையைப் படித்தோம். மேற்குக் கரையை ஜோர்தான் 1950இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1967 போரில் அதை இஸ்ரேல் கைப்பற்றியது. 1988இல் ஜோர்தான் அப்பகுதியுடனான நிர்வாகத் தொடர்பை முறித்துக்கொண்டது. இந்த வரலாற்றால் மன்னர் ஹுசைன் பாலத்தை மற்ற எல்லைகளைப் போன்ற முழுமையான நாட்டெல்லையாக ஜோர்தான் கருதுவதில்லை. ஆகவே விமான நிலையத்தில் தரும் தன் விசாவைக்கூட அது இந்தப் பாலத்தில் தருவதில்லை. வடக்கே அதே ஆற்றின் மீதுள்ள ஷேக் ஹுசைன் பாலத்தில் வழக்கம் வேறு. நாடு ஒன்றாயினும் வாசலுக்கு வாசல் விதி மாறும் என்பதை அறியாமலே நாம் தவக்குல் பேசியிருந்தோம்.

அன்று அந்தப் பேருந்தில் நம் நினைவுக்கு வந்தது ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். குறைஷியர் மக்காவின் எல்லையிலேயே தடுத்தார்கள். நபியவர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழையவில்லை. தூதர்கள் போய் வந்தார்கள். உடன்படிக்கை எழுதப்பட்டது: இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம். தோழர்களின் உள்ளம் உடைந்தது. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி நபியவர்கள் தாமே முதலில் பிராணியை அறுத்து, தலைமுடியை மழித்துக்கொண்ட பிறகே மற்றவர்களும் எழுந்தார்கள். திரும்பும் வழியில்தான் அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கி, அதைத் தெளிவான வெற்றி என்று அறிவித்தது.

மறு ஆண்டு, முன்கூட்டியே பெற்ற அந்த அனுமதியுடன் மக்காவுக்குள் நுழைந்தார்கள். மூன்று நாள் முடிந்ததும் குறைஷியர் வெளியேறச் சொன்னார்கள். மைமூனா (ரலி) அவர்களை மணமுடித்த விருந்தை மக்காவிலேயே நடத்த நபியவர்கள் விரும்பியும் அவர்கள் இசையவில்லை. நபியவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். கஅபா இருக்கும் ஊரிலேயே, தம் பிறந்த மண்ணிலேயே, ஒப்புக்கொண்ட கெடுவைத் தாண்டித் தங்கவில்லை. விசாக் காலம் முடிந்தும் ஒளிந்து தங்க எண்ணும் நம் இளைஞர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யமன் நாட்டார் சிலர், நாங்கள் தவக்குல் உடையவர்கள் என்று கூறிக்கொண்டு, வழித்துணைப் பொருள் ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வருவார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். அதன் பின்னணியில்தான், பயணத்துக்குரியதைத் தயார்செய்துகொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்ததை புகாரியில் காண்கிறோம். இதை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் நாம். ஆயினும், முகவர் ஒருவர் கொடுத்த ஆதாரமற்ற உறுதிமொழிக்கு, தவக்குல் என்ற புனிதமான சொல்லை இரவல் கொடுத்தோம். ஹஜ்ரத் சொன்னார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெரியவர் விமானம் ஏறினார்.

எனவே இப்போது பயணம் கேட்டு வருபவர்களிடம், துஆக்களுக்கு முன் சில கேள்விகளைக் கேட்கிறோம். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா? பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது? நம் சமுதாயத்தில் ஒற்றைப் பெயருடையோர் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுகளைச் சுற்றுலா, வருகை விசாக்களுக்கு ஏற்பதில்லை என அறிவித்தது. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்? 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்துள்ளதை அறிந்து, அப்படியே ஜொகூர் வழியாகப் பேருந்தில் சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்கும் போய்விடலாம் என்று எண்ணுவோர் உண்டு. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா வேண்டும்; அந்தப் பாலத்தில் அது கிடைக்காது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் முன் அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பை நீங்களே பாருங்கள். கையில் விசா வராதவரை விமானம் ஏறாதீர்கள்.

இவற்றையெல்லாம் செய்து முடித்தபின் மனம் எதில் சாய்கிறதோ அதுவே தவக்குல்.

நாங்கள் அம்மானுக்குத் திரும்பிய இரவு, பெரியவர் தம் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வாசல் வழியாகப் போனீர்கள், எங்கே தொழுதீர்கள், எனக்காக என்ன கேட்டாய் என்று. இஸ்ரேல் அதிகாரிகள் கடவுச்சீட்டில் முத்திரை குத்தாமல் தனியே ஒரு சிறு சீட்டுத் தருவார்கள். மகனிடமிருந்த அதை வாங்கி விளக்கொளியில் பார்த்து, “இவ்வளவு சின்னச் சீட்டா?” என்றார்.

அடுத்த ஆண்டு போகலாம் என்றிருந்தோம். 2020இல் நோய்த்தொற்று உலகையே அடைத்தது. 2023 அக்டோபருக்குப் பின் அந்த மண்ணில் நடப்பவற்றை நினைக்கும்போது நம் ஏக்கத்தைப் பேசவே நாக் கூசுகிறது. மேற்குக் கரையின் மக்களே, தம் சொந்தப் பள்ளியில் தொழ அனுமதிச் சீட்டுக்குக் காத்து நிற்கிறார்கள். பெரியவர் ஜும்ஆவுக்கு இன்றும் முதல் வரிசைக்கு வருகிறார். நாம் மன்னிப்புக் கேட்டபோது, “நிய்யத் போய்ச் சேர்ந்துடுச்சு ஹஜ்ரத், அதுக்கு விசா கேக்கல” என்று சிரித்தார். அவர் மன்னித்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை மட்டும் அல்லாஹ்விடம் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

யா அல்லாஹ், அல்அக்ஸாவின் மக்களுக்கு நிம்மதியைக் கொடு. அந்தப் பள்ளியில் ஸஜ்தா செய்ய ஏங்கும் உள்ளங்களுக்கு, உரிய அனுமதியுடனும் உறுதியான தவக்குலுடனும் அங்கு சென்றடையும் பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன்.