ஊசிமுனைப் பெருமிதம்

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் வாழ்கின்றனர். வண்ண நூலாலும் கண்ணாடிச் சில்லாலும் ஆடையில் பூவேலை செய்வது அவர்தம் மரபு. கடைத்துணி வந்தது, ஊசி உறங்கிற்று. அக்கலை அறிந்தோர் முதிய பெண்டிர் சிலரே என்னும் நிலை நேர்ந்தது. அவர்களோடு அது மறைந்தே போயிருக்கும். ஆயின், 1993இல் அங்கு மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி, லலிதா இணையரின் ஊக்கத்தால் மூதாட்டியர் மீண்டும் ஊசி எடுத்தனர், இளம்பெண்டிர்க்குக் கற்பித்தனர். ‘போர்கை’ என்னும் கைவினைக் குழு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் ‘பெருமிதம்’ என்பது பொருள். அன்று தம் ஆடைக்கு அழகு செய்த கைவேலை, இன்று ஊதியமும் தருகின்றது. ஒரு தலைமுறை கற்க மறப்பின் கலை மாயும். ஒருத்தி கற்பிக்க முன்வரின் அஃது உயிர் பெறும். மாணவர்களே! உங்கள் வீட்டு மூதாட்டியின் கைத்திறன் யாதெனக் கேட்டறிவீராக.