விரல் சொன்ன பொய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

என் தந்தையார் ஆலங்குடிப் பக்கம் தச்சு வேலை செய்பவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். சென்ற கோடையில் தம்பிக்கு வேப்பங்கட்டையில் ஒரு கார் செய்தார். அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் 1953 முதல் நடத்திவரும் மரக்கார்ப் பந்தயத்தைப் பற்றிப் படித்திருந்த நான், அதைச் சாய்வுப் பலகையில் ஓடவிட்டேன்.

"அச்சுக்குப் பென்சில் கரியைத் தடவுப்பா" என்றார் அப்பா. தேங்காய் எண்ணெய்தான் உகந்தது என்றேன் நான். செல்பேசியை விரலால் அழுத்தி அளந்ததில் எண்ணெயே வென்றது. அதை நோட்டில் எழுதி அவருக்கு வாசித்தும் காட்டினேன். "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

அச்சொல் உறுத்தியது. கண் பார்த்து விரல் அழுத்தவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகுமே! நான் கண்ட வேறுபாடோ அதனினும் குறைவு.

ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலியில் ஒலிக் கடிகாரம் ஒன்று உண்டு. ஓர் ஓசையில் ஓடத் தொடங்கும். மறு ஓசையில் நிற்கும். மேலே தடுப்புக் கட்டையைத் தட்டிவிட்டால் 'டக்'. கீழே தகரத்தில் கார் மோதினால் 'டக்'. விரலுக்கு வேலையில்லை. புதுச் சக்கரங்கள் மாட்டி இருபது முறை ஓட்டினேன். பென்சில் கரியே முந்தியது. எண்ணெயை மரம் குடித்து அச்சை இறுக்கியதோ என்னவோ!

நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, அப்பாவிடம் மறுபடி வாசித்தேன்.

"இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.