காவலூர் மலையில் ஒரு தவக்கால இரவு

ஆம்பூரில் வாழ்கின்றவர்கள் தோலின் இயல்பை அறிவார்கள். ஒரே ஆட்டுத் தோல்தான். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறினால் பழுப்பு நிறம் கொள்கிறது, குரோமிய உப்பில் ஊறினால் நீலம் பாரிக்கிறது. மனிதனும் அவ்வாறே, ஊறிய குழியே அவன் விதி என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் ஒரு தவறும் செய்தேன்.

நான் ஆசிரியனாய் இருந்த நாளில், வகுப்பில் தூங்கி விழும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் நின்று உழைப்பவர். ஒற்றை அறை வீடு. விளக்கடியில் அமர்ந்து படிக்க இடமில்லை. "அந்தத் தெருப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதம்மா, வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்று அவன் தாயிடம் கூறினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுவாரம் அவன் இடம் வெறுமையாயிற்று.

பணி ஓய்வுக்குப் பின், ஒரு தவக்கால இரவில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திற்குச் சென்றேன். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. விண்மீனைப் பின்பற்றி வந்த மூன்று அரசர்களின் திருநாள் அல்லவா அது! அதற்காக உழைத்த அறிஞர் வைணு பாப்பு 1982-லேயே மறைந்தார். ஆய்வகமும் தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

இளம் ஆய்வாளர் ஒருவர், சித்திரை விண்மீன் ஒளிரும் கன்னி ராசியைச் சுட்டிக்காட்டினார். அத்திசையில், 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கூட்டமாய் வாழ்கின்றனவாம். கூட்டத்தின் நடுவிலுள்ள மெசியே 87, அருகில் வந்த சிறியவற்றை விழுங்கி விழுங்கி, நம் பால்வெளியினும் பன்மடங்கு நிறை பெற்றுவிட்டது. மண்டலங்களுக்கு இடையே கொதிக்கும் வாயு நிறைந்திருக்கிறது. அதனூடே விரையும் சிறு மண்டலத்தின் குளிர்ந்த வாயுவை, எதிர்காற்று மேலாடையைப் பறிப்பதுபோல் அது உரித்துவிடுகிறது. புதிய விண்மீன்கள் பிறப்பது அந்தக் குளிர்ந்த வாயுவிலிருந்துதான். அது போனபின், பழைய விண்மீன்கள் ஒளிரும், புதியவை பிறப்பதில்லை. ஒதுக்கிடத்தில் தனித்திருக்கும் மண்டலமோ, சிறிதாயினும், தன் வாயுவைக் காத்து நெடுங்காலம் விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கும்.

"அப்படியானால் அந்தச் சிறு மண்டலத்தின் குறை என்ன?" என்று கேட்டேன்.

"குறை ஒன்றுமில்லை ஐயா. அது இருந்த இடம் அப்படி" என்றார் அவர்.

அவ்விடையைக் கேட்டுத் தலைகுனிந்தேன். அந்தச் சிறுவனைச் சூழ்ந்திருந்தது தெரு மட்டுமா? அவனிடம் எஞ்சியிருந்ததை உரித்தெடுத்த காற்றாக நானும் அன்றோ வீசினேன்! விண்மீன் மண்டலம் தன் அயலாரைத் தேர்ந்துகொள்வதில்லை. பறித்ததைத் திருப்பித் தரவும் அதற்கு இயலாது. மனிதனுக்கு மட்டும் ஆண்டவர் மனம் மாறும் வரத்தை அளித்திருக்கிறார்.

அவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஆயினும் மாலைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் விளக்கேற்றி வைக்கிறேன். அந்தத் தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். தூக்கம் வந்தால் சற்று உறங்க ஒரு பாயும் விரித்திருக்கிறது.

அன்புள்ள பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு நல்ல சூழலைத் தேடுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாமே சூழல் என்பதையும் இத்தவக்காலத்தில் சற்றே சிந்திப்போமாக.