ஆறு பொழுதும் ஒரு தேநீர்க் கடையும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் கற்கும் மாணவர் முதலில் அறியும் பாடம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு; ஆவணி தொடங்கி இரண்டிரண்டு திங்களாக அவை அமையும். இவ்வட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, மாணவர் படியெடுத்த பின் அழித்து, மறு ஆண்டும் எழுதுவது என் பணி. பல ஆண்டுகளாக இதனைச் செய்து வருகிறேன். ஆயினும் இவ்வாறு பொழுதுகளையும் நான் கற்ற இடம் வகுப்பறை அன்று. ஒரு தேநீர்க் கடை என்பதை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்ள விழைகிறேன்.

தேயிலை சங்கத் தமிழர் அறியாத ஒன்று. 1830களில் நீலகிரி மலையில் சோதனை முயற்சியாக நடப்பட்டு, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பயிராக வளர்ந்தது. அதன் பின்னரும் எளிய மக்களின் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1930களில் தேயிலை வணிக அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று தேநீர் போடும் முறையைச் செய்துகாட்டி மக்களைப் பழக்கின. அதே காலத்தின் தொடக்கத்தில் அசாமில் உருவான 'சி.டி.சி.' எனும் எந்திர முறை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணிகளாக்கியது. குறைந்த தூளில் மிகுந்த சாயம் இறங்கியதால் ஏழையும் தேநீர் பருக வழி பிறந்தது. அந்த ஏழையரை நம்பி வாழ்ந்தவர் என் அத்தா.

கம்பம் பேருந்து நிலையத்திற்கு அருகில், பத்தடிக்கு எட்டடி இடத்தில் அமைந்திருந்தது அத்தாவின் கடை. குமுளி மலைப்பாதையில் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையில் புறப்படும். வைகறைத் தொழுகையை முடித்த கையோடு அத்தா பாய்லரை மூட்டிவிடுவார். மலைக்கு மேலேயுள்ள வண்டிப்பெரியாற்றுத் தூள் ஒரு தகரத்தில் இருக்கும். குன்னூரிலிருந்து மொத்த வணிகர் வழியே வரும் தூள் மற்றொரு தகரத்தில் இருக்கும். முன்னது நிறத்திற்கு, பின்னது மணத்திற்கு என்பார். இரண்டையும் அவர் கலக்கும் அளவு எந்நாளும் ஒன்றாக இருந்ததில்லை. கடை வாசலில் நின்று வானத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகுதான் கரண்டி தகரத்திற்குள் இறங்கும். பள்ளி விட்டதும் கிளாஸ் கழுவ வந்து நின்ற நான் இதனை நாள்தோறும் கண்டிருக்கிறேன். கண்டும் அறியாதிருந்தேன்.

ஆவணி, புரட்டாசி கார்காலம். பகலெல்லாம் புழுங்கி, மாலையில் இடியுடன் மழை கொட்டும். அப்போது அத்தா இஞ்சித் தேநீர் போடுவார். தட்டிய இஞ்சியைப் பாலில் இட ஒருபோதும் உடன்படமாட்டார். கொதிக்கும் நீரில் இட்டு, நன்கு வெந்த பிறகே பாலைச் சேர்ப்பார். பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்யும் நொதி ஒன்று உண்டு என்பதும், கொதிநிலை வெப்பம் அதன் ஆற்றலை அழிக்கிறது என்பதும் பிற்காலத்தில் நான் நூல்வழி அறிந்தவை. அவர் திரிந்துபோன பாலின் நட்டத்தால் அறிந்தவர்.

ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும். கூலிக்குச் செல்வோர் நனைந்தே வருவர். அத்திங்கள்களில் கடையில் சுக்கும் மிளகும் துளசியும் சேர்ந்த கடுந்தேநீர் மணக்கும். அதற்குச் சீனி கிடையாது, பனங்கருப்பட்டிதான். கருப்பட்டி பாலைத் திரிக்கும் இயல்புடையது ஆதலால் அதில் பால் சேர்க்கமாட்டார். வேலை கிடைக்காமல் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தேநீரைக் கடனாகவும் கொடுப்பார். அக்கடனை எழுதிவைக்கக் கடையில் ஏடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மார்கழி, தை முன்பனிக்காலம். பனி மூடிய சாலையில் ஜீப்பின் விளக்கு மட்டும் தெரியும். அப்போது வேண்டுவது சூடும் கனமும். வண்டிப்பெரியாற்றுத் தூள் மிகுதியாக, பால் கெட்டியாக, ஒன்றிரண்டு ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீர் அக்காலத்திற்கு உரியது. ஏலத்திற்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூர் அருகிலேயே இருந்தும் அத்தா முழுக்காயை வீணாக்கமாட்டார். விதையை வீட்டுப் பாயசத்திற்கு அனுப்பிவிட்டுத் தோலைத் தூளோடு கொதிக்கவிடுவார். பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால், எவ்வளவு கடுமையாகச் சாயம் இறக்கினாலும் அத்தேநீர் நாவை உறுத்தாது.

மாசி, பங்குனி பின்பனிக்காலம். இரவின் பின்பகுதியில் பனி, பகலில் வெயில். நீலகிரியில் மார்கழி, தைக் குளிரில் கொழுந்து மெல்ல வளரும். மெல்ல வளர்வதால் மணம் செறியும். அந்தக் குளிர்காலத் தூள் எங்கள் கடைக்கு வந்துசேர மாசி ஆகிவிடும். அது வந்த நாள் முதல் அத்தா இஞ்சியையும் ஏலத்தையும் ஒதுக்கிவைத்துவிடுவார். "தூளே மணக்கும்போது அது மேல எதையும் போட்டு மறைக்கக் கூடாது" என்பார்.

சித்திரை, வைகாசி இளவேனில். இலக்கியத்தில் அது தளிரும் தென்றலும் வரும் காலம். நம் ஊர்களில் கத்திரி வெயில். பாலைக் குறைத்து, புதினா இலை இரண்டை இட்டு, இளஞ்சாயத் தேநீர் தருவார். நான் பணியில் சேர்ந்தபின், கொல்கத்தாவில் நடந்த கருத்தரங்கிற்குச் சென்றுவந்த நண்பர் ஒருவர் டார்ஜிலிங் முதற்கொழுந்துத் தேயிலையைச் சிறு பொட்டலமாக அளித்தார். அது வேனிலின் தொடக்கத்தில் பறிக்கப்படுவது. பால் சேர்க்காமல், மூன்று நிமிடம் மட்டும் வெந்நீரில் ஊறவைத்து அத்தாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் பருகிவிட்டு, "இது டீ இல்ல தம்பி, டீயோட வாசம். ஆனா இந்த வெயிலுக்கு இதுதான் சரி" என்றார். விலையைச் சொன்னேன், கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார்.

ஆனி, ஆடி முதுவேனில். எங்கள் பள்ளத்தாக்கில் காற்று புழுதியை வாரி இறைக்கும். அக்காலத்திற்கு எலுமிச்சை பிழிந்த சுலைமானி. சாறு விழுந்தவுடன் கருஞ்சிவப்பு பொன்னிறமாக வெளுப்பதைச் சிறுவனாக நான் வியந்து பார்த்திருக்கிறேன். புளிப்பு, சாயத்தின் நிறத்தை மாற்றுவதே அதன் காரணம். நம்மை வருத்தும் இதே தென்மேற்குப் பருவக்காற்று, இலங்கையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே ஊவா மலைகளில் வறண்ட காற்றாக வீசுகிறது. ஆண்டில் சில வாரங்களே வீசும் அவ்வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வழிவந்தோர் அம்மலைகளில் அக்கொழுந்தைக் கிள்ளுகின்றனர். ஒரே காற்று இங்கே புழுதியாகவும் அங்கே மணமாகவும் ஆவதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

இவற்றையெல்லாம் இன்று வரிசைப்படுத்தி எழுத முடிகிறது. அன்று எனக்கு அக்கடையைப் பற்றி இருந்த உணர்வு வேறு. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என எழுதினேன். பொய்யன்று, ஆயினும் மெய்யை மறைக்கத் தேர்ந்த சொல் அது. சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கலையை நான் முதன்முதல் பயன்படுத்தியது அத்தாவை மறைப்பதற்காகத்தான்.

2005-ஆம் ஆண்டு இளமுனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டை முடித்தேன். அக இலக்கியத்தில் பெரும்பொழுது என்பதே பொருள். கட்டமைக்கப்பட்ட படி ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். பிற்பகல் நேரம், கூட்டம் இல்லை. அத்தா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் ஆதலால், "படிச்சுக் காட்டு" என்றார். பொழுதுகளையும் திங்கள்களையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து, "ஆமா, அப்ப இஞ்சி", "அப்ப சுக்கு", "அப்ப குன்னூர்த் தூளு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானூறு பக்கச் செய்யுள்களிலிருந்து நான் திரட்டியதை அவர் தம் இரண்டு தகரங்களிலிருந்து திரட்டியிருந்தார். நான் அதனைச் சிரித்துக் கடந்தேன்.

பின்னர் முதற்பக்கங்களைப் புரட்டி, "இதுல யார் பேரெல்லாம் போட்டிருக்கே?" என்றார். அது நன்றியுரை. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், நண்பர்கள், தட்டச்சு செய்தவர் எனப் படித்து முடித்தேன். சிறிது நேரம் கேட்டபடியே இருந்தார். இன்னும் பெயர்கள் வருமென எண்ணினார் போலும். பிறகு, "டைப் அடிச்சவர் பேரக் கூட மறக்காமப் போட்டிருக்கியே, நல்லது தம்பி" என்றார். அச்சொல்லில் குத்தல் சிறிதும் இல்லை. உண்மையான மகிழ்ச்சியே இருந்தது. அதனால்தான் அது இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. என் கல்விக் கட்டணம், நூல் விலை, அந்தத் தட்டச்சுக் கூலி யாவும் அப்பாய்லரின் ஆவியில் பிறந்தவை. எழுதிய ஏட்டில் மாற்றம் செய்ய இயலாது. பின்னர் நூலாக வெளியிடும்போது சேர்த்துக்கொள்ளலாம் என எண்ணினேன். நூல் வெளிவரவில்லை. 2017 கார்த்திகையில், கூதிர் மழை பெய்த ஓர் இரவில் அத்தா இறைவன்பால் சேர்ந்தார்.

என் முதல் நோன்பு 1992 மார்ச்சில், பத்து வயதில் நோற்றது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் பின்பனிக்காலம். நோன்பு துறந்து கஞ்சி குடித்ததும் பெரியவர்களைப் போல எனக்கும் கெட்டியான தேநீர் கிடைக்கும் எனக் காத்திருந்தேன். அத்தா தந்ததோ பாலில்லாத, தண்ணீர் போன்ற இளஞ்சாயத் தேநீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பகலெல்லாம் காஞ்ச வயித்துக்குக் கடுஞ்சாயம் ஆகாது. நாளைக்கும் நீ நோன்பு பிடிக்கணும்ல" என்றார். ஏமாற்றத்தோடு பருகினேன். அதிலிருந்த மணம் குன்னூர்க் குளிர்காலத் தூளின் மணம் என்பதை அன்று அறியேன்.

பிறைக் கணக்கிலான ஆண்டு, கதிரவக் கணக்கிலான ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. எனவே நோன்பு மாதம் ஆண்டுதோறும் பின்னோக்கி நகரும். முன்பனி, கூதிர், கார், முதுவேனில், இளவேனில் என ஆறு பொழுதுகளையும் கடந்து ஏறக்குறைய 33 ஆண்டுகளில் தொடங்கிய இடத்திற்கே மீளும். 2025 மார்ச்சில் அது எனக்கு மீண்டது. அவ்வாண்டு என் இளைய மகள் முதல் நோன்பு நோற்றாள். பால் கலந்த தேநீர் வேண்டுமென்றாள். நான் நீலகிரிக் குளிர்காலத் தேயிலையை வெந்நீரில் சற்றே ஊறவைத்து, பாலின்றி, சீனி குறைத்துக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கியது. அத்தா சொன்ன காரணத்தையே சொன்னேன். சொல்லி முடிக்கையில் என் குரல் என் வசம் இல்லை.

பின்பனி பாலைத் திணைக்கும் உரிய பொழுது என்று வகுப்பில் சொல்லிவருகிறேன். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அட்டவணையில் இருந்த அச்சொற்கள் அன்று கோப்பைக்குள் வந்து அமர்ந்தன.

மாணவச் செல்வங்களே, எந்தப் பருவத்திற்கு எந்தத் தேநீர் என்பது அருமையான அறிவன்று. வானத்தையும், எதிரில் நிற்பவரின் முகத்தையும் பார்த்துவிட்டுத் தூளை எடுத்தால் அது தானே விளங்கும். ஆய்வேடு எழுதும் நாளில் நன்றியுரைப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன், உங்கள் வீட்டில் ஒருமுறை படித்துக்காட்டுங்கள். யார் பெயர் விடுபட்டது என்பது அப்போது தெரிந்துவிடும்.

என் ஆய்வேட்டில் விடுபட்ட வரியை இருபது ஆண்டுகள் கடந்து இங்கே எழுதிவிடுகிறேன்: 'பெரும்பொழுது ஆறனையும் எனக்குக் கற்பித்தவரும், இவ்வாய்வின் செலவு முழுவதையும் ஏற்றவருமாகிய, கம்பம் தேநீர்க் கடைக்காரர் என் தந்தைக்கு என் நன்றி.'