சம்மதம் யாரிடம் கேட்கப்படுகிறது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் களப்பணி செய்கிறவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடம். காலனியிலிருந்து ஒரு பெண் பாலியல் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போனால், பேனாவை எடுப்பதற்கு முன்பே கேட்பார்கள்: “பொண்ணு விரும்பித்தானே போயிருக்கு?” பெண்களோடு துணைக்குப் போய் நின்ற எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. இது பதிலுக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. புகாரை மூடுவதற்கான கேள்வி.

ஆதிக்க சாதிக் குடும்பம் ஒன்று, “எங்க பொண்ண காலனிப் பையன் கூட்டிட்டுப் போயிட்டான்” என்று வரட்டும். பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்திருந்து, “நான் விரும்பித்தான் போனேன்” என்று அவரே சொன்னாலும் அது யார் காதிலும் ஏறுவதில்லை. தருமபுரியில் 2012இல் அப்படி விரும்பி மணந்த பெண்ணின் சம்மதத்துக்குக் கிடைத்த பதில், நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் பக்கத்துத் தலித் குடியிருப்புகளிலும் வைக்கப்பட்ட தீ.

தலித் பெண் சொல்லாத சம்மதத்தை அவர் மீது ஏற்றுகிறார்கள். ஆதிக்க சாதிப் பெண் வாய்விட்டுச் சொல்லும் சம்மதத்தை இல்லை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் முடிவு செய்வது சாதி.

சட்டமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1972இல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள் வன்புணர்வு செய்யப்பட்டார். உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே சம்மதம் என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டங்களால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013 திருத்தம் சம்மதத்துக்கே விளக்கம் எழுதியது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் அது இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தெரிவிக்கும் உடன்பாடே சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று சொல்ல முடியாது. பேசினாள், பழகினாள், கூடப் போனாள் என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆனாலும் 2016 டிசம்பர் இறுதியில் செந்துறை வட்டாரத்தில் காணாமல் போன தலித் சிறுமியின் உடல், 2017 ஜனவரியில் கிணற்றில் கிடைத்தது. தாய் புகார் கொடுத்தும் காவல்துறை வேகம் காட்டவில்லை என்பதுதான் அன்று தெருவில் எழுந்த குற்றச்சாட்டு. அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. படத்தைப் பகிரும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“ஆமாம், விரும்பினேன். கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னார், இப்ப வீட்டுல சாதி ஒத்துக்கலன்னு சொல்றார்” என்று ஒரு பெண் வந்தால்? இங்கே சட்டம் சிக்கலானது. நிறைவேறாமல் போன வாக்குறுதி வேறு, கொடுக்கும்போதே ஏமாற்றும் நோக்கம் கொண்ட வாக்குறுதி வேறு. இரண்டாவதுதான் குற்றம். இன்று அதற்கென 69ஆம் பிரிவு உண்டு. பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் புகார் கொடுத்தவர் பட்டியல் சாதிப் பெண். ஆண் சாதித் தடையை முன்பே பேசியிருந்தார், அதன் பிறகும் உறவு தொடர்ந்தது என்று சொல்லி 2019இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. சாதியைத் தாண்டி வருவேன் என்று நம்பவைப்பதும், பிறகு சாதிக்குப் பின்னால் ஒளிவதும் நம் ஊர்களில் தற்செயலாக நடப்பவை அல்ல. ஆனால் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால், சாதிப் பேச்சு எப்போது, யார் வாயிலிருந்து வந்தது என்பதைப் புகாரிலேயே தேதியோடு எழுதலாம்.

மனு எழுதும்போது இரு தரப்பின் சாதியையும் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவுக்கு, முன்பு சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல், அவர் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்தார் என்பது போதும். குடும்பத்தோடு அறிமுகம் உள்ளவர் என்றால், தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஊரும் காலனியுமாகப் பிரிந்த கிராமத்தில், மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கக் கூப்பிடுகிறவருக்கு யார் எந்தத் தெரு என்று தெரியாதா?

இச்சட்டத்தில் எஃப்.ஐ.ஆர் போட முன்விசாரணை தேவையில்லை. வன்புணர்வுப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குக் குறையாத சிறை. பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்கிற ஆள் பக்கத்தில் இருந்தால், அந்தப் பெண் சொல்வதை எழுதாமல் அனுப்புவது கடினம்.