பந்திங் சாலையில் எழுந்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான்வாசிகள் பந்திங் சாலையில் புறப்பட்டால், பெரும்பாலும் மோரிப் கடற்கரைக்குத்தான் போவார்கள். நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, மாதம் இருமுறை, அதே சாலையில் ஒரு வீட்டைப் பார்க்கப் போய் வந்தோம். எங்கள் வீடு. அப்போது அது காகிதத்தில் மட்டுமே இருந்தது.

காரில் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முன் இருக்கையில் அம்மா. கிள்ளானைத் தாண்டும்வரை கொள்கலன் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். தெலுக் பங்லிமா காராங்கில் வலப்புறமாகக் கேரித் தீவுக்குச் சாலை பிரியும். எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயர் அந்தத் தீவுக்கு. அடுத்தது ஜென்ஜாரோம். சீனப் புத்தாண்டு சமயத்தில் டோங் சென் கோயிலின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க வரும் கூட்டத்தில் கார் நகராது. மற்ற நாட்களில் அங்கே நிறுத்தி ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுவோம். பிறகு பந்திங்.

வழியெங்கும் எனக்குத் தாமான்களின் பெயர்ப்பலகைகள் தெரியும். அம்மாவுக்கு அவற்றுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று தெரியும். “இங்கதான் ஆயாக்கொட்டகை. அந்த மேட்டுல பெரட்டுக் களம்.” அம்மா பிறந்ததும் பால்மரம் சீவியதும் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. லயத்துவாசிகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் லயத்துச் சட்டம். அப்பா வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கிள்ளானில் வாடகை வீடுகள்தாம்.

2022 மார்ச்சில் நானும் மனைவியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். 20க்கு 65 அடி நிலத்தில் ஒற்றை மாடி வரிசை வீடு. விலை 300,000 வெள்ளி. முன்பணத்துக்குச் சேமநிதியின் இரண்டாவது கணக்கில் கைவைத்தோம். முதன்முதலாகப் போனபோது அங்கே செம்மண்ணும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளும்தான் இருந்தன. எங்கள் மனை எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து நின்றோம். பிள்ளைகள் குச்சிகளுக்கு நடுவே ஓடினார்கள். அம்மா என் காதருகே கேட்டார்: “தம்பி, இது நம்ம பேர்லதான இருக்கு?”

“ஆமாம்மா.”

அடுத்த முறை போனபோதும் அதையே கேட்டார். அதற்கடுத்த முறையும்.

பந்திங் வட்டாரம் கடலோரக் களிமண் பூமி. வெறும் அஸ்திவாரம் அதில் தாங்காது. சதுரக் கான்கிரீட் தூண்களை ஆழமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல்தான் வீட்டை உட்கார வைக்கிறார்கள். பைலிங் இயந்திரம் அடிக்க அடிக்க எங்கள் செருப்புக்கடியில் மண் அதிர்ந்தது. இந்தப் பக்கம் பல வீடுகளில் கார் நிறுத்துமிடம் மட்டும் விரிசல் விட்டுக் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கடியில் தூண் இருக்கும். வாசலுக்கடியில் பெரும்பாலும் இருக்காது. வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு எழ எழ வங்கிக்கும் கடிதங்கள் போயின. கையெழுத்திட்டபோது 10 விழுக்காடு. அஸ்திவாரம் முடிந்ததும் 10, தூணும் விட்டமும் எழுந்ததும் 15, சுவரும் கதவு, சன்னல் சட்டங்களும் வந்ததும் 10. இப்படிப் படிப்படியாகத்தான் மேம்பாட்டாளர் பணம் கேட்க முடியும். ஒவ்வொரு முறையும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரின் சான்றிதழும் கூடவே வர வேண்டும். வங்கி விடுவித்த பணத்துக்கு வட்டி அன்றே தொடங்கிவிடும். எங்களுக்கு ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வட்டி. அந்த இரண்டு தீபாவளிக்கும் புதுத்துணி பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

சுவர் எழுந்த மாதம், கம்பி வேலிக்கு அப்பால் இருந்த கொங்சியை அம்மா கவனித்தார். கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கும் பலகைக் கொட்டகை. வரிசையாக அறைகள், முன்னால் ஒரே நீளத் திண்ணை, பொதுவான தண்ணீர்த் தொட்டி. இந்தோனேசியப் பெண் ஒருத்தி துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள். அம்மா தோட்டத்து மலாயில் பேச்சுக் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், எப்போது திரும்பிப் போவாய் என்று நிறையக் கேட்டார். பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் இருக்கிறார்களாம். இங்கே வேலை முடிந்ததும் கொங்சியைப் பிரித்துவிடுவார்கள். பிறகு வேறு இடமாம்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: “அவங்களும் லயத்துலதான் இருக்காங்கய்யா.” அதற்குப் பிறகு ஜென்ஜாரோமில் ரொட்டி சானாய் வாங்கும்போதெல்லாம் இரண்டு கூடுதலாகக் கட்டச் சொல்வார். பொட்டலம் வேலிக்கு மேலாகக் கைமாறும்.

கூரை போட்ட பிறகு வேலை படுத்துவிட்டது. மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே கூரை, அதே பூசாத சுவர். வாசல் காவலாளிக்கும் காரணம் தெரியவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வீடு திரும்பினால், மேசையில் பழுப்பு உறை ஒன்று. அம்மா அதைப் பிரிக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து சாப்பிடவில்லை என்றாள் மகள்.

“காலி பண்ணச் சொல்றாங்களா?”

பிரித்துப் பார்த்தேன். வேலை தாமதமாகும் என்று மேம்பாட்டாளர் எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அம்மாவை என்ன செய்துவிடுகிறது என்று அன்றுதான் கண்டேன்.

அன்றிரவு ஒப்பந்தத்தை எடுத்து அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தரை வீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால், வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று நாள் கணக்குப் போட்டு நமக்கு இழப்பீடு தர வேண்டும். 300,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 82 வெள்ளி. தராவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம்.

அம்மா நம்பவில்லை. “அவங்க லேட்டாக்கினா நமக்குக் காசா? தோட்டத்துல நாம லேட்டாப் போனா நம்ம பேர வெட்டுவாங்க.”

2024 ஜூலையில், நான்கு மாதம் தாமதமாகச் சாவி கிடைத்தது. கட்டடம் நிறைவடைந்ததற்கான சிசிசி சான்றிதழும் கூடவே இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். அந்த 120 நாளுக்கு ஏறக்குறைய 9,860 வெள்ளி வந்தது. சமையலறை அலமாரிக்கு அது உதவியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கைப்பேசியில் சுவர் விரிசல்களைப் படமெடுத்தேன். அம்மா ஒரு வாளியைத் தேடினார். குளியலறையில் ஒரு வாளி, பின்கட்டில் ஒரு வாளி என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து பார்த்தார். பின்கட்டில் தண்ணீர் குழாய்வாய்க்குப் போகாமல் சுவரோரம் தேங்கியது. நான் எடுத்த படங்களைவிட அதுதான் பெரிய குறை. சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை எழுத்து மூலம் தெரிவித்தால், மேம்பாட்டாளர் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். பின்கட்டுத் தரையை உடைத்து மறுபடி போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இத யாருகிட்டயா திருப்பிக் கொடுக்கணும்?”

“யாருக்கும் வேணாம்மா.”

அதற்குப் பிறகு, இது நம் பேரில்தானே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பால் காய்ச்சிய அன்று கொங்சிப் பெண்ணுக்கும் ஒரு குவளை கொண்டுபோனார். கொங்சி இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வேலியோரமாக ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினார்.

உங்களுக்கும் எங்காவது ஒரு வீடு எழுந்துகொண்டிருக்கலாம். வங்கிக் கடிதத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். ஒரு வாளியை மறக்காதீர்கள்.