எரியும் சூளையைத் தேடி

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஸ்டோக் ஆன் டிரென்ட், பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஜோசையா வெட்ஜ்வுட் தொழில் நடத்திய இடம். புட்டி வடிவில் உயர்ந்த சூளைகள் ஒரு காலத்தில் 2,000-க்கு மேல் அங்கே புகைந்தன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் ஒவ்வொன்றாக அணைந்தன. மிஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. சிலவற்றை டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். தீ மட்டும் இராது.

பீங்கான் வடிவமைப்பு படிக்கும் என் மகள், "உங்க ஊர்ல எரியிற சூளை உண்டாம்மா?" என்று கேட்டாள். அதற்காகவே இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு என் ஊரான நாசரேத்துக்கு வந்தேன்.

ஊர் பெருத்துவிட்டது. பெரிய கோயில் கோபுரம் அப்படியே இருக்கிறது. தொழிலைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்த ஊர் இது; மிஷனரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில், 1878-இலேயே தொழிற்பள்ளி வந்துவிட்டது. ஆனால் மண்சட்டியை எங்கள் வீடுகளில் சந்தையில் வாங்குவோம், அவ்வளவுதான். செய்கிறவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. இப்போது மதினி வீட்டில் புன்னைக்காயல் மீன்கூட நான்ஸ்டிக்கில்தான் கொதிக்கிறது. "சட்டி வேணும்னா காருக்குறிச்சிக்குப் போங்க" என்றாள் மதினி.

திருநெல்வேலிக்குப் போகிற வழியில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய அந்தப் பறம்பில், 2023-இல் திறந்த கள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலயங்களைக் காட்டி, "கவிழ்த்து வச்சுச் சுட்டிருப்பாங்க, உள்ளே காத்து போயிருக்காது" என்றாள் மகள். படிப்பு வீண்போகவில்லை.

காருக்குறிச்சி என்றால் நமக்கு அருணாசலத்தின் நாகசுரம்தான் நினைவுக்கு வரும். சேரன்மகாதேவிக்கு அடுத்த அந்த ஊரில் வேளார் தெருவுக்குள் நுழைந்தால் வாசலெல்லாம் காயும் சட்டிகள். குளத்து மண்ணோடு மணலைக் கலந்து மிதிக்கிறார்கள். சக்கரத்திலிருந்து பானை அடிப்பாகம் இல்லாமலே இறங்குகிறது. கொஞ்சம் உலர்ந்ததும் பெண்கள் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடிவிடுகிறார்கள். மகள் கேமராவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் தட்டக் கொடுத்தார்கள், சட்டி கோணிக்கொண்டது. "பரவால்ல தாயி, இன்னொண்ணு தட்டு" என்றார் ஓர் ஆச்சி.

1,200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோக் பீங்கானை அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்த இந்தச் சட்டி விறகுத் தீயையே தாங்குகிறது. மணலும் நுண்துளைகளும் செய்யும் வேலை அது. எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததல்ல இந்தத் தெரு என்பது என் கட்சி.

"மண்ணுதான் அண்ணாச்சி பிரச்சனையா?" என்று சூளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "மண்ணும்தான், மழையும்தான்" என்றார். குளத்து மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம் என்று 2024-இல் அரசு விதியைத் தளர்த்தியிருக்கிறது. அதற்குமுன் ஒவ்வொரு தடவையும் மேலிடம் வரை அலைய வேண்டியிருந்தது.

வடிவமைப்போ கட்டடக்கலையோ படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வாரமாவது இங்கே அனுப்பிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழைக்குச் சட்டி காயாது, சூளை எரியாது. மாசிக்கு மேல் வரச்சொல்லுங்கள்.